கோயில் போத்தலில் ஓர் ஈயக் கோடு

புதிதாக எங்கள் ஆய்வுகூடத்துக்கு வருகிற எல்லோரும் முதல் நாள் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கிறார்கள். குற்றமில்லை, பார்க்க அழகாகத்தான் இருக்கும். மெல்லிய கண்ணாடிக் குழாயின் வாயில் தண்ணீர் பொங்கி வழிந்துகொண்டே இருக்கிறது. அதற்கு மேலே ஒரு நெல்மணி அளவு இடைவெளி விட்டு ஓர் உலோக ஊசி நிற்கிறது. மின்னழுத்தத்தை ஏற்றினால் ஊசிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஊதா நிறத்தில் ஒரு சிறு சுடர் வந்து உட்காருகிறது. மூடிய குடுவையும் இல்லை, வெற்றிடமும் இல்லை. நாம் மூச்சுவிடும் அதே காற்றில், இரண்டு மின்முனைகளில் ஒன்றாகத் தண்ணீரையே வைத்து எரிகிற பிளாஸ்மா அது.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இல்ஃபோர்டில் என் வீட்டுத் தோட்டத்தில் கத்தரிக்காய் வளர்க்க முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறேன். இப்போது குழுவை நடத்தும் துளசிதான், "புதுசா வாற ஆக்களுக்கு ஏதாவது எழுதித் தாங்கோ அங்கிள். ஆனா மெனுவல் மாதிரி வேண்டாம்" என்று கேட்டாள். கருவியை எப்படி இயக்குவது என்று அறிய மெனுவல் இருக்கிறது. அது சொல்லாத இரண்டு சம்பவங்களை மட்டும் எழுதுகிறேன்.

முதலாவது சின்னது. ஜெர்மனியில் அகதியாக இருந்த காலத்தில் உயர் மின்னழுத்தச் சாதனங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பழகி, லண்டனுக்கு வந்து இங்கே சேர்ந்தபோது, என் மேலதிகாரி ஸ்கொட்லாந்துக்காரி ஒருத்தி. பேர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன். ஒருநாள் எங்களுக்குப் பணம் ஒதுக்கும் அமைப்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் பார்வையிட வந்தார். நல்ல சூட், நல்ல சிரிப்பு. நாங்கள் சுத்தமான தண்ணீரை ஓடவிட்டு வைத்திருந்தோம். மின்சாரம் கொடுத்ததும் சுடர் ஊதாவாக வராமல் தங்கமாகப் பற்றிக்கொண்டது. அப்படி ஒரு மஞ்சள். வந்தவர் கை தட்டினார். நாங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். மேலதிகாரி மட்டும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்து, "அது எங்களுடைய தண்ணீர் இல்லை, ஐயா. அது உங்களுடைய விரல்" என்றார்.

உண்மைதான். நாங்கள் கவனிக்காத நேரத்தில் மனிதர் அந்தக் கண்ணாடிக் குழாயின் நுனியைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். விரலில் இருந்த வியர்வை உப்பு, அதிலுள்ள சோடியம், அதுதான் அப்படி மஞ்சளாக எரிந்தது. பணம் போனது என்றுதான் நான் நினைத்தேன். நல்லவேளை, அவர் சிரித்துவிட்டார். அவர் போன பிறகு மேலதிகாரி எங்களிடம், "இந்தச் சுடருக்கு மரியாதை தெரியாது. தண்ணீரைத் தொட்ட எல்லாரையும் காட்டிக்கொடுக்கும். அது எதையாவது காட்டினால், தண்ணீரில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். முதலில், இதை யார் தொட்டது என்று கேளுங்கள்" என்றார். அன்று அதை ஒரு நல்ல பகிடியாகத்தான் எடுத்துச் சிரித்தேன்.

இனி இரண்டாவது. இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

அப்போது துளசி ஆராய்ச்சி மாணவி. எங்கள் சுடரை வைத்துக் குடிதண்ணீரில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கும் சின்னக் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். லண்டனில் பழைய கட்டிடங்களின் சுவருக்குள் இன்னமும் ஈயக் குழாய்கள் கிடக்கின்றன. தண்ணீர் அதற்குள் தேங்கி நின்றால் கொஞ்சம் கொஞ்சமாக ஈயம் கரையும். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. சிறுபிள்ளைகளின் மூளைக்குத்தான் அதிகக் கேடு. சுடரில் தண்ணீர் ஆவியாகும்போது அதில் கரைந்திருக்கும் ஒவ்வொரு உலோகமும் தனக்கென்று உள்ள நிறத்தில் ஒளிவிடும். அதை நிறமாலைமானி கோடு கோடாகப் பிரித்துக் காட்டும். ஈயத்துக்கு ஊதாப் பக்கத்தில் ஒரு கோடு இருக்கிறது. துளசியின் கருவி அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிற மலிவான, கையில் தூக்கிப் போகக்கூடிய கருவி. சுருக்கமாகச் சொன்னால் அவ்வளவுதான்.

சோதிக்கத் தண்ணீர் வேண்டுமே. தெரிந்த வீடுகள், கடைகள் என்று போத்தல் கொடுத்து வாங்கினாள். கிழக்கு லண்டனில் அவர்கள் குடும்பம் போகிற கோயிலுக்கும் ஒரு போத்தல் கொடுத்திருந்தாள். அவளுடைய அப்பா அந்தக் கோயில் நிர்வாகசபையில் இருந்தார். அது பழைய செங்கல் கட்டிடம், முன்பு வேறு யாரோ கூட்டம் நடத்திய மண்டபம். அங்கே வெள்ளிக்கிழமைகளில் அன்னதானம் நடக்கும். சனிக்கிழமைகளில் பின்னறைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு.

ஒரு புதன்கிழமை மத்தியானம் துளசி என் மேசைக்கு வந்து நின்றாள்.  கணினியைத் திருப்பிக் காட்டினாள். வீட்டுத் தண்ணீர்களில் ஒன்றுமில்லை. கோயில் போத்தலில் ஈயக் கோடு மலை மாதிரி எழும்பி நின்றது.

"திருப்பிச் செய்தனியோ?" என்று கேட்டேன்.

"ரெண்டு தரம் செய்தனான், அங்கிள். இனிச் செய்யத் தண்ணி இல்லை. போத்தல் முடிஞ்சுது."

ஒரு நாள் விட்டு வெள்ளிக்கிழமை. அதுவும் திருவிழா வெள்ளி. நூற்றுக்கணக்கான சனம் வந்து அந்தத் தண்ணீரில் சமைத்த சோற்றைச் சாப்பிடும். 

அன்றைய குழுத் தலைவர் நல்ல விஞ்ஞானி, நிதானமான மனிதர். புதிதாக ஒரு மாதிரி எடுத்து வெளி ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பி உறுதிப்படுத்தும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றார். பதில் வர ஒரு வாரமாவது செல்லும். இன்னொரு சக ஊழியர் நேர் எதிர். முடிவை இப்போதே எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும், பிறகு நம்மேல் பழி வராது என்றார். இரண்டு பேருடைய பேச்சிலும் எங்கள் பாதுகாப்புத்தான் முதலில் நின்றது. சனத்தின் சோறு இரண்டாவதாகத்தான் வந்தது.

துளசிக்கு இரண்டு பக்கமும் இடி. பேசாமல் இருந்து ஈயம் உண்மையாகிவிட்டால் தன் சனமே அதைக் குடிக்கும். சொல்லி அது பொய்யாகிவிட்டால் அந்தச் சமூகத்தில் அவளுடைய கருவியை இனி யாரும் நம்ப மாட்டார்கள், அப்பாவும் கோயிலில் தலைகாட்ட முடியாது.

நான் அவளிடம் சொன்னது இதுதான். "ஈயம் இருக்கெண்டு சொல்ல எங்களுக்கு ஏலாது. இருக்கலாம் எண்டு தெரிஞ்சுபோட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கவும் ஏலாது. நேரை போவம். தெரிஞ்சது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு, ரெண்டையும் சொல்லுவம். அதுவரைக்கும் கடைத் தண்ணி வாங்கிச் சமைக்கச் சொல்லுவம்."

குழுத் தலைவர் முகத்தைச் சுளித்தார். ஆனால் தடுக்கவில்லை. ரயிலில் போகும்போது துளசி ஒரு தாளும் இல்லாமல் வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் இடையில் புகவில்லை. இது அவளுடைய கருவி, அவளுடைய கோயில்.

கோயில் குசினியில் கனகு அண்ணை நின்றார். அன்னதானச் சமையல் முழுக்க அவர் பொறுப்பு. சுவிஸில் பல வருடம் ஹோட்டல் குசினிகளில் வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்து மளிகைக்கடை போட்டவர். குசினியைப் பளிங்கு மாதிரி வைத்திருப்பார். பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கத்தியை நிறுத்தினார்கள். துளசியின் அப்பாவும் வந்து சேர்ந்தார்.

துளசி சொன்னாள். நன்றாகவே சொன்னாள். எங்கள் கருவி ஈயம் என்று காட்டுகிறது, அது பிழையாகவும் இருக்கலாம், உறுதியாகத் தெரியும்வரை குழாய்த் தண்ணீரில் சமைக்க வேண்டாம், இப்போதே வேறு மாதிரி எடுத்துப் போய்ப் பார்க்கிறோம் என்றாள்.

கனகு அண்ணைக்கு முகம் கறுத்துப்போனது. "என்ன பிள்ளை கதைக்கிறாய்? என்ர குசினியிலை ஈயமோ? கவுன்சில்காரன் வந்து பாத்து நல்ல மார்க் தந்திட்டுப் போனவன். பைப் எல்லாம் புதுசா மாத்தினது. நான் நிண்டு மாத்துவிச்சனான்!"

துளசியின் அப்பா மகளைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கண் கலங்கத் தொடங்கியது. அப்போதுதான் எனக்கு அந்த ஸ்கொட்லாந்துக்காரியின் பேச்சு நினைவுக்கு வந்தது.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. அந்தப் போத்தலை ஆர் நிரப்பினது?" என்று கேட்டேன்.

"நான்தான்."

"எந்தப் பைப்பிலை?"

 கனகு அண்ணை தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லை, கை காய்ந்துதான் கிடந்தது.

"குசினிப் பைப் எண்டுதான் பிள்ளை சொன்னவ," என்றார் மெதுவாக. "எனக்கு மனம் வரேல்லைத் தம்பி. எங்கட பிள்ளை ஒண்டு பெரிய இடத்திலை படிச்சு ஒரு மெஷின் செய்திருக்கு. முதன்முதல் கோயில் தண்ணியை அதுக்கை விடப்போகுது. பாத்திரம் கழுவுற பைப்பிலை பிடிச்சுக் குடுக்கிறதோ? ஐயரிட்டைச் சொல்லி இளநீர் அபிஷேகத் தீர்த்தத்தை வாங்கி விட்டனான். மெஷினுக்கும் நல்லது எண்டு."

 துளசி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கத் தொடங்கினாள். "இளநீரோ! அங்கிள், பொட்டாசியம்!" என்று என் கையைப் பிடித்து உலுப்பினாள்.

உங்களுக்கு விளங்கியிருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். இளநீரில் பொட்டாசியம் தாராளமாக உண்டு. பொட்டாசியத்துக்கும் ஊதாப் பக்கத்தில், ஈயத்தின் கோட்டுக்குப் பக்கத்து வீடு மாதிரி, ஒரு கோட்டுச் சோடி இருக்கிறது. பெரிய நிறமாலைமானி இரண்டையும் பிரித்துக் காட்டும். துளசியின் மலிவான கருவிக்கு அந்தக் கூர்மை இல்லை. லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு நிறைய உண்டு, பொட்டாசியம் மிகக் குறைவு. அதனால் அந்தக் குழப்பம் வரும் என்று நாங்கள் ஒருவரும் யோசித்திருக்கவில்லை. குழாய்த் தண்ணீர்ப் போத்தலில் இளநீர் வரும் என்று எந்த ஊர் விஞ்ஞானி எதிர்பார்ப்பான்?

குசினி முழுக்கச் சிரிப்பு. துளசியின் அப்பா அப்போதுதான் மகளை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப பிரச்சினை முடிஞ்சுது," என்றார். கனகு அண்ணை வெட்கமும் சந்தோசமுமாக எங்களை நீண்ட மர வாங்கில் இருத்திவிட்டு வடையும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தார். நானும் வடையைக் கடித்தேன். பெரிய பாரம் இறங்கியது மாதிரி இருந்தது.

தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கி வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனபோதுதான் எனக்கு உறைத்தது. இந்தத் தேத்தண்ணி எந்தத் தண்ணீரில் போட்டது? அந்தத் தண்ணீரை நாங்கள் இன்னும் பார்க்கவே இல்லையே.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பயம் வந்தால் எவரும் கவனமாக இருப்பார்கள். எங்களுடைய வேலையில் ஆளைக் கவிழ்ப்பது நிம்மதி. ஒரு பிழைக்குக் காரணம் கண்டுபிடித்தவுடன் கேள்விக்கே பதில் கிடைத்துவிட்டதாக மனம் நம்பிவிடுகிறது. எங்களுக்குக் கிடைத்தது அந்தக் கோடு ஏன் வந்தது என்பதற்கான பதில் மட்டும்தான். கோயில் தண்ணீரில் ஈயம் இருக்கிறதா என்ற கேள்வி மத்தியானம் எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது.

நான் துளசியைப் பார்த்தேன். அவளும் கோப்பையைக் கையில் வைத்தபடி குடிக்காமல் இருந்தாள். அவளுக்கும் உறைத்திருக்கிறது. ஆனால் இப்போதுதான் அப்பாவின் முகத்தில் உயிர் வந்திருக்கிறது. மறுபடி அந்தப் பேச்சை எடுக்க எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? நான் சொல்லியிருக்கலாம். அவள் சொல்கிறாளா என்று பொறுத்துப் பார்த்தேன். அவள் சொல்லாவிட்டால் சொல்லியிருப்பேன்.

கோப்பையைக் கீழே வைத்தாள். "கனகு அங்கிள், கோயிலிலை மொத்தம் எத்தனை பைப் இருக்கு?"

"திருப்பியும் ஏன் பிள்ளை?" என்றார் அப்பா.

"ஏனெண்டா அப்பா, நாங்கள் பாத்தது இளநீர். தண்ணியை இன்னும் பாக்கேல்லை."

ஒருவர் முணுமுணுத்தார். தேவையில்லாத வேலை என்றார் இன்னொருவர். கனகு அண்ணை மட்டும் எழும்பி, "பிள்ளை சொல்லுறது சரிதானே," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். குசினி, கைகால் கழுவும் இடம், பின்னறை என்று எல்லாக் குழாயையும் காட்டினார். குழாய்க்குள் தண்ணீர் இரவு முழுக்கத் தேங்கி நின்ற பிறகு வரும் முதல் தண்ணீரில்தான் ஈயம் இருந்தால் நன்றாகத் தெரியும். ஆகவே மறுநாள் விடிய, ஒருவரும் கை வைக்க முன்னம் வருவதாகச் சொன்னோம். அதுவரை கடைத் தண்ணீரில்தான் சமைப்பேன் என்று கனகு அண்ணையே முன்வந்து சொன்னார்.

வியாழக்கிழமை காலை துளசி தன் கையால் எல்லாப் போத்தலையும் நிரப்பினாள். இந்த முறை கருவியை மட்டும் நம்பவில்லை. பெரிய நிறமாலைமானியையும் பக்கத்தில் வைத்தோம். குசினித் தண்ணீரில் ஒன்றும் இல்லை. கனகு அண்ணை நின்று மாற்றுவித்த குழாய் அவரைக் கைவிடவில்லை. கால் கழுவும் குழாயிலும் ஒன்றும் இல்லை.

கடைசிப் போத்தல் பின்னறைக் குழாய். சுடர் எப்போதும் போலவே எரிந்தது. கண்ணால் பார்த்தால் ஒரு வித்தியாசமும் கிடையாது. திரையில் ஈயக் கோடு எழுந்தது. முதல் நாள் பார்த்த மலை இல்லை, சின்ன மேடு. பொட்டாசியம் பேருக்குத்தான் இருந்தது. ஈயத்துக்கு வேறு இடத்தில் இன்னொரு கோடு உண்டு, அதையும் தேடினோம். அதுவும் இருந்தது. மறுபடி செய்தோம். மறுபடியும் இருந்தது.

துளசி கதிரையில் உட்கார்ந்தாள். "அங்கிள், தமிழ் வகுப்புக்கு வாற பிள்ளையள் எல்லாம் அந்தப் பைப்பிலைதான் போத்தல் நிரப்புறவை," என்றாள். பிறகு இன்னும் மெதுவாக, "நானும்தான். நேர்சரி தொடங்கி ஏலெவல் சோதினை வரைக்கும் ஒவ்வொரு சனியும்" என்றாள்.

 அவளுடைய தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அன்றே கோயிலுக்குப் போய்ச் சொன்னோம். இந்த முறை ஒருவரும் சத்தம் போடவில்லை. கனகு அண்ணை அந்தக் குழாயின் பிடியையே கழற்றித் தன் பொக்கெற்றில் போட்டுக்கொண்டார். பெற்றோருக்குச் சொல்ல வேண்டுமா, கோயிலின் பேர் கெடாதா என்று நிர்வாகசபையில் இழுபறி வந்தபோது, எழும்பி நின்று சொல்லத்தான் வேண்டும் என்றவர் துளசியின் அப்பா. வெளி ஆய்வகத்தின் முடிவும் பிறகு வந்து எங்களோடு ஒத்துப்போனது. பல பிள்ளைகளுக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். துளசியும் பார்த்தாள். பயப்பட ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்தப் பதில் வரும்வரை அந்தத் தாய்மார் இருந்த இருப்பை நான் மறக்க மாட்டேன்.

சுவரை உடைத்தபோது சாம்பல் நிறத்தில் பழைய ஈயக் குழாய் ஒரு துண்டு அகப்பட்டது. குசினிக்குப் புதுக் குழாய் போட்டவர்கள் பின்னறைக்குப் போகும் கிளையை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

குழாய் மாற்றி முடிந்த நாளில் எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். அப்போது துளசி ஒரு கேள்வி கேட்டாள். "கனகு அங்கிள், அண்டைக்கு நீங்கள் நான் சொன்ன மாதிரிக் குசினிப் பைப்பிலையே பிடிச்சுத் தந்திருந்தா?"

யோசித்துப் பாருங்கள். குசினித் தண்ணீர் சுத்தம். கோயில் நல்லது என்று எழுதி வைத்துவிட்டு அடுத்த போத்தலுக்குப் போயிருப்போம். பின்னறைப் பக்கம் ஒருவரும் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். பிழையான போத்தல்தான் எங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

கனகு அண்ணைக்குச் சந்தேகமே இல்லை. "தீர்த்தம் தன்ர வேலையைச் செய்திருக்கு," என்றார்.

என்னிடம் மறுமொழி தயாராக இருந்தது. கருவியின் கூர்மைக் குறைவு, தற்செயல் என்று ஆரம்பித்திருப்பேன். அந்த வடை நினைவுக்கு வந்தது. அந்தத் தற்செயல் வந்து எங்களைத் தட்டிய பிறகு, வடையையும் தின்றுவிட்டு வீட்டுக்குப் போகவிருந்தவர்கள் நாங்கள். துளசி கோப்பையைக் கீழே வைத்திராவிட்டால் தீர்த்தமும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் அதைச் சொல்லி அவருடன் வாதாட எனக்கு விருப்பம் வரவில்லை.

புதுக் குழாயில் முதல் தண்ணீரைத் துளசிதான் குடிக்க வேண்டும் என்று எல்லோரும் நின்றார்கள். கனகு அண்ணை வெள்ளி டம்ளரை நீட்டினார். அவள் அதை வாங்காமல் பையைத் திறந்து மாதிரிப் போத்தலை எடுத்தாள். கொஞ்சம் சங்கடமான நேரம்தான். அவளுடைய அப்பா தொண்டையைக் கனைத்தார்.

கனகு அண்ணை டம்ளரை ஒருபக்கம் வைத்துவிட்டு அந்தப் போத்தலை அவள் கையிலிருந்து வாங்கினார். குழாயடியில் குனிந்தார்.

"இந்தமுறை பைப்பிலைதான் பிடிக்கிறன்," என்றார். "நீ பக்கத்திலை நிண்டு பாத்துக்கொள்."

துளசி பக்கத்தில் போய் நின்று, போத்தல் நிரம்பி மூடி இறுகும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.